பதினாலாம் கூண்டின் வரி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றைக்கும் தகராறுதான். டில்லி மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், அதோடு சரி. சங்க மலருக்காக இதைத் தட்டச்சு செய்கிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் நான் எழுதியிருக்கும் நேரங்களை மட்டும் மாற்ற வேண்டாம். அவை சரியாக இருக்கும். நேரத்தைச் சரியாக எழுத வேண்டும் என்று என்னைப் பழக்கிவைத்தவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சங்க மலருக்கு ‘மறக்க முடியாத மனிதர்’ என்று ஆளுக்கு நாலு பக்கம் கேட்டிருந்தார்கள். எல்லோரும் நல்லவர்களைப் பற்றி எழுதுவார்கள். இவர் நல்லவரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவர் அடிப்பார்.

பெயர் சொல்லப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் மேடம் என்றே கூப்பிட்டோம். தெற்கு டில்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். அதில் எலிகள் இருக்கும் பகுதியில் எனக்கு வேலை. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, செத்ததை எடுத்து அப்புறப்படுத்துவது. இருபத்திரண்டு வருடமாக இதே வேலைதான். நான் அதிகம் பேசாத ஆள். எலிகளுக்கும் அது பிடித்திருந்தது.

மேடம் மதுரைப் பக்கம். ஐந்தடிகூட இருக்கமாட்டார். தடித்த கண்ணாடி. மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய ஆம்பளைக் கைக்கடிகாரம். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அவர் வந்த முதல் வாரம், சாமான் கொண்டுவருகிற ஆள் மூன்றாவது முறையாகத் தப்பான திருகாணிகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான். மேடம் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்த நொடி ஸ்டூல் பறந்தது. அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய் மோதிக் கால் ஒடிந்து விழுந்தது. அவன் பையை விட்டுவிட்டு ஓடினான்.

நான் துடைப்பத்தோடு போனேன். உட்கார ஸ்டூல் இல்லாததால் மேடம் தரையில் உட்கார்ந்து, எலிகளுக்கான ரிஜிஸ்டரை மடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீங்க தமிழாண்ணே?”

“ஆமாங்க மேடம். கள்ளக்குறிச்சிப் பக்கம்.”

“நல்லதாப் போச்சு. நீங்க பாத்தீங்கள்ல? ‘பதினொண்ணு இருபது. கோபம். ஸ்டூலை எறிந்தேன். சுவரில் பட்டது. ஆள் மேல் படவில்லை.’ இப்படி எழுதிருக்கேன். சரிதானே?”

“செவுத்துல படலீங்க. கதவுல பட்டுச்சு.”

“கதவா?” என்று திரும்பிப் பார்த்தார். கதவில் வெள்ளையாக ஒரு கீறல். ‘சுவர்’ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து ‘கதவு’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். “தேங்க்ஸ்ண்ணே” என்றார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். எலி கடித்தாலும் எழுதுவார், தான் கடித்தாலும் எழுதுவார். இரண்டும் ஒரே ரிஜிஸ்டரில், ஒரே மாதிரி எழுத்தில், மணி நிமிடத்தோடு.

அவர் வேலை என்ன என்று எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மூளையில் ஒரு செல் வேலை செய்யும்போது அதற்குள் கால்சியம் ஏறுமாம். “எலும்புக்குத்தானே மேடம் கால்சியம்?” என்று கேட்டேன். “எலும்புல கிடக்குறது சும்மா கிடக்கும்ணே. மூளையில ஏறி ஏறி எறங்கும்” என்றார். முன்கூட்டியே ஊசியால் மூளைக்குள் ஒரு பொருளைச் செலுத்திவிட்டால், கால்சியம் ஏறுகிற செல் பச்சையாக மின்னும். அதை வெளியிலிருந்து பார்க்க மண்டையோட்டில் உப்புக்கல் அளவு துளை போட்டு, ஊதுபத்திக் குச்சி போன்ற ஒரு மெல்லிய கண்ணாடியை இறக்கி, பல் டாக்டர்கள் பயன்படுத்தும் சிமெண்டால் பூசிவிடுவார். சில வாரம் கழித்து அந்தச் சிமெண்ட் தொப்பியின் மேல் ஒரு குட்டி மைக்ராஸ்கோப்பை மாட்டுவார். இரண்டு புளியங்கொட்டை எடைதான் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் கணினிக்குப் போகும். எலி அதைச் சுமந்துகொண்டு தன் பாட்டுக்கு ஓடும், தின்னும், முகம் கழுவும். திரையில் அதன் மூளை தெரியும். தீபாவளிக்கு மறுநாள் புகைமூட்டத்துக்குள் தூரத்து வீடுகளின் விளக்குகள் தெரியுமே, அப்படி இருக்கும். ஒன்று எரியும், ஒன்று அணையும்.

ஸ்டூலை எறிந்த அதே கைதான் துளை போட்டது. அந்த நேரத்தில் அந்தக் கை ஆடி நான் பார்த்ததில்லை.

அவர் பார்த்ததெல்லாம் சண்டை. எலிக்கு நம் பகல்தான் இரவு என்று மாற்றிப் பழக்கியிருந்ததால், காலை பதினொரு மணிக்கு அந்த அறை இருட்டாக, ஒரே ஒரு சிவப்பு விளக்கோடு இருக்கும். தலையில் மைக்ராஸ்கோப் மாட்டிய கறுப்பு எலி தன் கூண்டில் இருக்கும். அதற்குள் நான் ஒரு வெள்ளை எலியை வாலைப் பிடித்து இறக்க வேண்டும். கறுப்பு முதலில் மோந்து பார்க்கும். பிறகு அதன் வால் படபடவென்று தரையில் அடிக்கும். அடுத்தது பாய்ச்சல். இரண்டும் ஒரே பந்தாக உருளும். மரத்தூள் பறக்கும். வெள்ளை கீச்சிட்டு மூலையில் எழுந்து நின்று கும்பிடுவதுபோல் முன்னங்கால்களைத் தூக்கும். கறுப்பு அதன் முதுகில் பல்லை இறக்கும். வெள்ளை முடியில் சிவப்பு விளக்கு பட்டு, எது ரத்தம் எது வெளிச்சம் என்று தெரியாது.

முதல் தடவை என் கை தானாகக் கூண்டுக்குள் போனது.

“கை வெக்காதீங்க!” என்று கத்தினார். “தோல் கிழிஞ்சா நானே பிரிப்பேன். அதுவரைக்கும் பாருங்க. கூண்டப் பாக்காதீங்க, திரையப் பாருங்க.”

திரையில், கறுப்பு பாய்வதற்கு முன்னாலேயே இடது ஓரத்தில் ஒரு கொத்து விளக்குகள் எரிந்தன. நன்றாக எரிந்தன. அப்புறம்தான் கூண்டில் சத்தம் கேட்டது.

“பாத்தீங்களா? கடிக்குறதுக்கு முன்னாடியே எரியுது. ரெண்டு நொடி. சில நேரம் மூணு.” கிசுகிசுவென்று சொன்னார். “அந்த ரெண்டு நொடிக்குள்ள என்ன நடக்குதுங்குறதுதாண்ணே என் வேலை.”

“நமக்கும் இப்படித்தாங்களா மேடம்?”

“தெரியாது. எலிக்குன்னுதான் நான் சொல்ல முடியும்.”

எனக்கு மேடத்தின் தலைக்குள் பார்க்கும் கண்ணாடி தேவைப்படவில்லை. பென்சில் போதும். கொண்டையிலிருந்து பென்சில் வெளியே வந்தால் இரண்டு நொடிக்குள் ஏதாவது உடையும். நானும் பிஜேந்தரும் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம். பிஜேந்தர் என்னோடு வேலை பார்த்த ஹரியானாக்காரர், பெரிய மீசை, என் வயதுதான். பென்சில் வெளியே வந்ததும் “பாக்!” என்பார். ஓடு என்று அர்த்தம். இருவரும் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவோம்.

ஒரு நாள் மேடம் தாமதமாக வந்தார். கைப்பையைக்கூடக் கழற்றாமல் ரிஜிஸ்டரைத் திறந்தார். எழுதிக்கொண்டே எனக்குப் படித்தும் காட்டினார். “எட்டு அம்பது. பஸ்சு. ஒருத்தன் பள்ளிக்கூடப் பொண்ணு இடுப்புல கை வெச்சான். அவன் விரலைப் பிடிச்சுத் திருகினேன். சத்தம் கேட்டுச்சு. ஒடஞ்சுதா தெரியல.”

பிஜேந்தர் எட்டிப் பார்த்து, “மேடம்ஜி, பஸ் கா பீ இஸ்மே லிக்கேங்கீ?” என்றார். பஸ்ஸில் நடந்ததைக்கூட இதிலா எழுதுவீர்கள் என்று.

“ஹாத் தோ யஹீ ஹை” என்றார் மேடம். கை இதேதானே.

ரிஜிஸ்டரில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பக்கம். நாங்களும் எழுத வேண்டும்: என்ன மாற்றினோம், எத்தனை மணிக்கு, யார். எனக்கு ஆங்கிலம் வராது, இந்தி பேசத்தான் வரும். “தமிழ்லயே எழுதுங்கண்ணே. நான் படிச்சுக்குறேன்” என்றார். ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்டவன், நாற்பது வயதில் மறுபடி பிடித்தேன்.

ஒரு திங்கட்கிழமை தண்ணீர்ப் புட்டி ஒழுகியதை எழுத மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை திங்கள் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். பென்சில் வெளியே வந்தது. எனக்கு ஓட வழியில்லை. இரும்பு ஸ்கேலை ஓங்கி என் கைக்குப் பக்கத்தில் மேசையில் அடித்தார். அது வளைந்தே போனது.

“நேத்து நடந்தத இன்னைக்கு எழுதுங்க. தப்பே இல்ல. பத்து வருசம் கழிச்சுக்கூட எழுதுங்க. ஆனா எழுதுற அன்னைக்குத் தேதியத்தான் போடணும். நேத்தே எழுதுன மாதிரி நடிக்கக் கூடாது. அது மட்டும் கூடாதுண்ணே.”

பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: 10.05. ஸ்கேலை வளைத்தேன். அண்ணன் பயந்துவிட்டார்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது, எனக்கு எப்படித் துணிச்சல் வந்ததோ, கேட்டுவிட்டேன். “எதுக்குங்க மேடம் கோவத்தயெல்லாம் எழுதி வெக்கிறீங்க? நாளைக்கு யாராவது பாத்தா?”

“எங்கப்பா அடிப்பாருண்ணே. பெல்ட்டு, கரண்டி, கையில கெடச்சது. மறுநா காலையில எங்கம்மா வீங்குன மூஞ்சியோட காபி குடுத்தா, ‘என்னாச்சு ஒனக்கு?’ன்னு கேப்பாரு. நடிப்பு இல்ல. நெசமாவே மறந்துருவாரு. நான் ஏழாவது படிக்கயில காலண்டர் தாளுக்குப் பின்னாடி மணியோட எழுதி அவர் தட்டுக்கு முன்னாடி வெச்சேன். அதுக்கும் அடிச்சாரு. அதையும் எழுதி வெச்சேன். மூணாவது தாளப் படிச்சிட்டு உக்காந்துட்டாரு.” டீயை ஒரே மடக்கில் குடித்தார். “இந்தக் கை அவரோடது. எனக்குத் தெரியும். அதான் எழுதுறேன்.”

இனி பதினாலாம் கூண்டு.

மூன்று வருடத்தில் மேடம் கண்ணாடி இறக்கிய எலிகளில் பலவற்றில் படம் மங்கலாகத்தான் வந்தது. சிமெண்ட் கழன்றவை சில, செத்தவை சில. பதினாலாம் கூண்டில் இருந்த கறுப்பு ஒன்றில்தான் விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, துடைத்து வைத்ததுபோல் தெரிந்தன. நடந்தால் தெரிந்தது, தின்றால் தெரிந்தது. சண்டைச் சோதனை மட்டும் பாக்கி. மேடத்தின் ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தது. அந்த ஒரு எலியில் சண்டையைப் பதிவு செய்துவிட்டால் வேலை முடியும், ஒப்பந்தமும் நீளும். இன்னொன்றைத் தயார் செய்ய நேரமில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சோதனை தொடங்கும் வரை அதை அதன் கூடப் பிறந்த எலியோடு வைத்திருந்தார். தனியாக விட்டால் ஒடுங்கிப்போகும் என்பார். அப்படி இரண்டு ஆண் எலிகள் இருக்கும் கூண்டைச் சுத்தம் செய்ய ஒரு முறை இருக்கிறது. மரத்தூளை மாற்றலாம், கூண்டை மாற்றலாம். ஆனால் அவை தூங்கும் பஞ்சில் ஒரு கைப்பிடி பழையதை எடுத்துப் புதுக்கூண்டில் வைக்க வேண்டும். அந்த வாசனைதான் அவர்கள் வீடு. எல்லாம் புதிதாக இருந்தால் இது யாருடைய இடம் என்பதை ஆண் எலிகள் முதலிலிருந்து தீர்த்துக்கொள்ளும். கூடப் பிறந்ததும் அப்போது அந்நியன்தான். மேடம் இதை எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். ‘பஞ்சு: பழையது வைத்தேன்’ என்று நான் நூறு தடவை எழுதியும் இருப்பேன்.

வெளியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வரும் நாளுக்கு முந்தின நாள். போன தடவை வந்தபோது அவர்களில் ஒருவர் ரிஜிஸ்டரைப் புரட்டி, என் எழுத்தில் விரலை வைத்து, “யே க்யா ஜலேபீ பனா ரக்கீ ஹை?” என்றார். இதென்ன ஜிலேபி பிழிந்து வைத்திருக்கிறது என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை அவர்களுக்குக் காட்டப்போவது பதினாலாம் கூண்டு. திறக்கப்போவது அதன் பக்கம்.

அந்தக் கூண்டு பிஜேந்தரின் வரிசை. மறுநாள்தான் அதற்குச் சுத்தம் செய்யும் முறை. காலையில் தண்ணீர் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் அவர் அரை நாள் லீவில் போய்விட்டார். நான் அந்தப் பக்கம் போனபோது கூண்டு நாறியது. அதிகாரிகள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். 3.15-க்குக் கூண்டை மாற்றினேன். பழைய பஞ்சில் ஒரு கைப்பிடி எடுத்தேன். மோந்து பார்த்தேன். ஒரு நாளைக்குத்தானே என்று அதையும் குப்பையில் போட்டேன். எல்லாம் வெள்ளைவெளேரென்று இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ரிஜிஸ்டரை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் அதுவரை மேடத்தின் எழுத்தும் பிஜேந்தரின் கையெழுத்தும்தான். என் ஜிலேபியை அங்கே பிழிய மனம் வரவில்லை. அதிகாரிகள் போனபிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டு மூடினேன்.

மறுநாள் காலை 9.10. மேடத்தின் குரல் கேட்டு நானும் பிஜேந்தரும் ஓடினோம். வெள்ளைப் பஞ்சு முழுவதும் செம்பழுப்பாக நனைந்து கிடந்தது. மைக்ராஸ்கோப் மாட்ட வேண்டிய எலி பக்கவாட்டில் கிடந்தது. முதுகுத் தோல் சட்டை கழற்றியதுபோல் உரிந்திருந்தது. சிமெண்ட் தொப்பி தலையோடு இல்லை. மூலையில் கண்ணாடியோடு உருண்டு கிடந்தது. கூடப் பிறந்தது அதன்மேல் முன்னங்காலை ஊன்றி நின்று, மூக்கெல்லாம் ரத்தமாக, எங்களைப் பார்த்து வாலை அடித்தது.

மேடம் புதுப்பஞ்சைப் பார்த்தார். ரிஜிஸ்டரைத் திறந்தார். நேற்றைய தேதியில் தண்ணீருக்கு நேராகப் பிஜேந்தர் கையெழுத்து. அதற்குக் கீழே காலி.

“பஞ்ச யாரு மாத்துனது?” முதலில் தமிழில் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு பிஜேந்தர் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார். பிஜேந்தர் வரிகளைக் காலியாக விடுகிற ஆள். அதற்குப் பல தடவை திட்டு வாங்கியவர்.

“மைனே நஹீ கியா, மேடம்ஜி. கசம் ஸே.” நான் செய்யவில்லை, சத்தியமாக.

“பின்ன யாரு? பேயா? அண்ணன் செஞ்சிருந்தா எழுதியிருப்பாரு!”

பென்சில் வெளியே வந்தது.

நான் ஒரு எட்டுத் தள்ளி நின்றேன். கையில் வாளி. பிஜேந்தர் இந்தத் தடவை ஓடவில்லை. செய்யாத தப்புக்கு எதற்கு ஓட வேண்டும் என்று நின்றிருப்பார். பென்சில் மேசையில் வைக்கப்பட்டது. எனக்கு இரண்டு நொடி இருந்தது. ‘நான்தான்’ என்று சொல்ல ஒரு நொடிகூட வேண்டாம். வாய்க்குள் அந்தச் சொல் இருந்ததை நாக்கால் உணர்ந்தேன். மேடம் கை ஓங்கினார்.

அந்தச் சின்ன அறையில் அடி கூண்டு விழுந்தது போலக் கேட்டது. எல்லாக் கூண்டுகளிலும் எலிகள் ஒரே நேரத்தில் ஓடி மறைந்தன. பிஜேந்தரின் உதட்டோரம் கிழிந்து மீசையில் ரத்தம் வழிந்தது. அவர் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நடந்ததற்கு நான் சாட்சி என்று நினைத்துப் பார்த்திருப்பார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கை ஆடியது. காலி வரியைத் தொடாமல், அதற்கு அடுத்த வரியில் எழுதினார்: 9.14. பிஜேந்தரை அடித்தேன். வலது கை, அவருடைய இடது கன்னம். ரத்தம் வந்தது. அவர் பஞ்சை மாற்றியிருந்தாலும் அடித்தது தவறு, மாற்றாவிட்டாலும் தவறு. தவறு என்னுடையது. பெயர், கையெழுத்து.

பிறகு தன் கைக்குட்டையை நனைத்துக் கொண்டுவந்து நீட்டினார். பிஜேந்தர் வாங்கவில்லை.

பிஜேந்தர் புகார் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம்தான் கொடுத்தது. வந்த அதிகாரிகள் பதினாலாம் கூண்டின் பக்கத்தைத்தானே திறப்பார்கள். மேடமே ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னார்.

விசாரணை நடந்த அறையில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் மேடத்திடம், அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அவர் உதவத்தான் பார்த்தார். மேடம் இந்தியிலேயே சொன்னார்: “கிழித்தால் நான் அடிக்கவில்லை என்று ஆகிவிடும். அவர் கன்னம் என்ன ஆவது?”

பிஜேந்தரிடம் கேட்டார்கள். தான் மாற்றவில்லை என்றார். என்னிடம் கேட்டார்கள். நீ மாற்றினாயா, யார் மாற்றியது தெரியுமா என்று.

“மாலூம் நஹீ, சாப்” என்றேன். தெரியாது ஐயா. மூன்றே சொல். அதற்கு அவர்கள் சிரிக்கவில்லை. நம்பினார்கள்.

மேடத்தின் ஒப்பந்தம் அதோடு முடிந்தது. பிஜேந்தர் கோப்பில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி, கூண்டுகளை நீராவியில் வேகவைக்கும் அடித்தள அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. மே, ஜூன் மாதங்களில் அங்கே மனிதன் நிற்க முடியாது. அவர் நிற்கிறார். நான் மேலேயே இருக்கிறேன். நம்பகமான ஆள் என்று பதினாலாம் கூண்டு வரிசையையும் என்னிடமே கொடுத்தார்கள்.

கடைசி நாள் மேடம் அட்டைப் பெட்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கயிறு பிடித்தேன். முடிச்சுப் போட்டபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அந்த வரி இன்னும் காலியாத்தான் இருக்குண்ணே.”

கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“யாரு எழுதுனாலும் சரி. தேதி மட்டும் எழுதுற அன்னைக்குத் தேதியாப் போடச் சொல்லுங்க.”

அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, இல்லை அவர் எல்லா வரிக்கும் சொல்வதைத்தான் சொன்னாரா என்று இந்த ஆறு வருடத்தில் நான் யோசிக்காத நாள் இல்லை. ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டேன். “வரேண்ணே” என்றார். அவ்வளவுதான்.

போன வாரம் ஓர் உத்தரவு வந்தது. பழைய ரிஜிஸ்டர்களை ஒவ்வொரு பக்கமாகக் கணினியில் படமெடுத்துவிட்டுக் காகிதத்தைக் கழித்துவிடப்போகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வரி காலியாகவே இருந்துவிடும். யாரும் எழுத முடியாது.

இன்று காலை அலமாரியைத் திறந்து அந்த வருடத்து ரிஜிஸ்டரை எடுத்தேன். 11.30-க்கு எழுதினேன். ‘கூண்டு 14. பஞ்சு முழுவதும் புதிது. பழையது வைக்கவில்லை. அதிகாரிகள் வந்த நாளுக்கு முந்தின நாள் மாலை 3.15. மாற்றியது நான்.’ கையெழுத்துப் போட்டேன். ஜிலேபிதான். தேதி மட்டும் போடவில்லை. அதற்கு முன் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

ரிஜிஸ்டரோடு அடித்தளத்துக்கு இறங்கினேன். பிஜேந்தர் பனியனோடு, கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மீசை நரைத்துவிட்டது. உதட்டோரம் அந்தத் தழும்பில் மட்டும் மயிர் முளைப்பதில்லை. வரியைக் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரியாதே என்பதுபோல் பார்த்தார். இந்தியில் படித்துச் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கூண்டை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு நொடி. நான் ஓடவில்லை.

அடி விழுந்ததில் பின்னாலிருந்த கூண்டு அடுக்கோடு சேர்ந்து விழுந்தேன். காதுக்குள் ஊதல் போலச் சத்தம். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நான் எழுந்திருக்கும்வரை அவர் கை முஷ்டியாகவே இருந்தது. இரண்டாவது அடி வரும் என்று நின்றேன். வரவில்லை.

“யே பீ லிக்கேகா?” என்றார். இதையும் எழுதுவாயா?

“லிக்கூங்கா, பையா” என்றேன். எழுதுவேன், அண்ணா.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “டைம் டீக் லிக்னா” என்றார். நேரத்தைச் சரியாக எழுது.

வரி ஓரத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. நுணுக்கி எழுதினேன்:

11.52. அடித்தளம். பிஜேந்தர் என்னை அடித்தார். வலது கை, என்னுடைய இடது கன்னம். ரத்தம் வந்தது. தவறு என்னுடையது.

எழுதிய தேதி: 11.2.2025, செவ்வாய்க்கிழமை.